முப்பத்தொன்றாம் ட்ரம்மின் மூடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் சகுனம், ராகுகாலம், கண்ணூறு, ஆவி எல்லாவற்றுக்கும் எதிர்க்கட்சி நான் ஒருத்திதான். அப்பா ரயில்வேயில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர், ரயில் அட்டவணையையும் பஞ்சாங்கத்தையும் ஒரே பக்தியோடு படிப்பவர், நாள் பார்க்காமல் முடிவெட்டிக்கொள்ளக்கூடப் போகமாட்டார். அம்மா தன் கனவுகளை விடிந்ததும் ஊரெல்லாம் சொல்லிப் பலன் கேட்பாள். இவர்கள் நடுவில் நான், கெமிஸ்ட்ரி படித்த திமிரில், "எடை போட முடியுமா? முடியாதென்றால் அது இல்லை" என்று வாயடித்துக்கொண்டு திரிந்தவள்.

அந்த வாயை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. ஏனென்றால் நான் சொல்லப்போவது எடை போட்ட பொருளைப் பற்றித்தான். நாலு தசமத் தராசில், என் கையால், மூன்று முறை போட்டேன். வெறும் உருவத்தைப் பார்த்திருந்தால் கண் ஏமாற்றியது என்று இந்நேரம் மறந்திருப்பேன். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, வேறொருவர் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு எங்கே தப்பு என்று சொல்லுங்கள், நிஜமாகவே எனக்கு அது வேண்டும்.

பட்டப்படிப்பு முடித்த கையோடு தத்தோ கெராமாட் சாலையில், ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த சின்னப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் தீவையும் அக்கரையையும் இணைக்கும் பாலம் திறந்த புதிது. ஊர் முழுக்கப் பாலத்தில் கெரெத்தா ஓட்டிப் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தது, நான் துருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி டாக்டர் ஓங், அதிகம் பேசாத மனிதர். அவருக்குக் கீழே நானும் ஹமீது அண்ணனும். ஹமீது அண்ணன்தான் இரும்பு வெட்டுவது, எண் அடிப்பது, அமிலம் கலக்குவது எல்லாம். அவர் தாத்தா காலத்தில் நாகூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். காலையில் அவர் வாங்கிவரும் தே தாரிக் டீ இல்லாமல் எங்கள் கூடத்தில் எந்த இரும்பும் துருப்பிடித்ததில்லை.

அக்கரையில், பட்டர்வொர்த் தாண்டி ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். வெள்ளீயச் சுரங்க மணலிலிருந்து ஏதோ விலையுயர்ந்த தாது பிரிப்பார்கள், பிரித்தபின் மிஞ்சும் சேற்றில் கதிர்வீச்சு இருக்கும். அதிலிருக்கும் தோரியம் பாதியாகக் குறைவதற்குள் மனிதர்கள் இருப்பார்களா என்பதே சந்தேகம், அவ்வளவு காலம். அந்தச் சேற்றை இரும்பு ட்ரம்களில் அடைத்து, தகரக் கொட்டகையில் வரிசையாக வைத்திருந்தார்கள். இந்த ட்ரம் எத்தனை வருடம் தாங்கும் என்று ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. அந்த வேலையை டாக்டர் ஓங் என்னிடம் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் பெரிய பெரிய நாடுகளெல்லாம் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி, செம்பில் செய்வதா, எஃகில் செய்வதா, ஆயிரம் வருடம் நிற்குமா என்று. அதில் ஒரு சின்னத் துணுக்கு என் மேசைக்கு வந்துவிட்டது! நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், சாப்பாட்டு மேசையில் துருவைப் பற்றிப் பேசி அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. அந்தத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் நேசன் அத்தான், என் அக்கா சுகுணாவின் கணவர். கம்பெனி குவார்ட்டர்ஸில்தான் இருவரும் குடியிருந்தார்கள். கொட்டகைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறு, ஒரு வாழை மரம், அவ்வளவுதான். குழாய்த் தண்ணீர் நூலாக வரும் என்பதால் குளிப்பது, துவைப்பது, பல நாள் சமைப்பதும்கூட அந்தக் கிணற்றுத் தண்ணீரில். நான் முடிவு சொல்லவேண்டிய நேரத்தில் அக்காவுக்கு ஏழு மாதம். இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவதாக நின்ற கரு.

அந்த ட்ரம்கள் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரம் கெட்டுப்போனது என்றால் அக்காவின் வயிற்றுக்கு ஆபத்து. கெட்டுப்போகும் என்று நான் எழுதினால் கொட்டகையை மூடுவார்கள், அத்தானின் வேலையும் வீடும் போகும்.

எங்கள் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது புரிந்தால்தான் மற்றது புரியும். தொழிற்சாலை அனுப்பிய ட்ரம் தகட்டிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டுகள் வெட்டி, எண் அடித்து, எடை போட்டு, சேற்று நீரைப் போலக் கலக்கிய உப்புத் தண்ணீரில் தொங்கவிட்டு, சூட்டுத் தொட்டியில் வைப்போம். ஆறு மாதம் கழித்து எடுத்து, அமிலத்தில் துருவைக் கழுவி, மறுபடி எடை. குறைந்ததை வைத்து எத்தனை வருடம் தாங்கும் என்று கணக்கு. ஆனால் அமிலம் துருவோடு கொஞ்சம் நல்ல இரும்பையும் தின்னும். அது எவ்வளவு என்று தெரிய, தண்ணீரே படாத ஒரு துண்டையும் அதே அமிலத்தில் முக்கி எடுத்து, அதன் இழப்பை எல்லாவற்றிலும் கழிப்போம். அதற்கு பிளாங்க் என்று பெயர். ஆறு மாதமும் அது ஈரம் புகாத கண்ணாடிப் பாத்திரமான டெசிக்கேட்டருக்குள், பீங்கான் தட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். தட்டுக்குக் கீழே நீல நிறத்தில் சிலிக்கா மணிகள். துளி ஈரம் உள்ளே வந்தாலும் மணிகள் இளஞ்சிவப்பாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹமீது அண்ணன் அந்தத் துண்டுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். "மத்தவனெல்லாம் சுடுதண்ணியில வெந்து சாவுறான். இவரு மட்டும் கண்ணாடி ரூமுல காலு மேல காலு போட்டு ஒக்காந்துருக்காரு. மாப்ள இல்லாம வேற யாரு லா?"

நூற்றெண்பதாவது நாள் தைப்பூசத்துக்கு முதல் நாள் வந்து விழுந்தது. வெள்ளி ரதம் எங்கள் சாலை வழியாகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் நாள். கூடம் விடுமுறை, டாக்டர் ஓங் ஈப்போவில். நூற்றெண்பது என்றால் நூற்றெண்பதுதான், ஒரு நாள் தள்ளி எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"தேர் அன்னிக்குக்கூடவா துருவ கட்டிக்கிட்டு அழுவ?" என்றாள் அம்மா. நான் பாட்டுக்குச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஹமீது அண்ணனும் வந்தார், மாடி ஜன்னலிலிருந்து தேர் நன்றாகத் தெரியும் என்று.

காலை ஒன்பது மணி இருக்கும், நல்ல வெயில். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், இருட்டு, மழை, காற்று எதுவும் கிடையாது. கீழே சாலையோரத்தில் ஆள் உயரத்துக்குத் தேங்காய்க் குவியல்கள். கீழ்க்கடைச் சீன முதலாளி, எல்லோருக்கும் தௌக்கே, வருடா வருடம் முருகனுக்கு நேர்ந்துகொண்டு உடைப்பவர், புதுச் சட்டையோடு குவியலுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

துண்டுகளை எடுத்தோம். கழுவினோம், எடை போட்டேன். நம்பமுடியாத அளவுக்கு நன்றாக இருந்தன. பரவலான மெல்லிய துரு, எங்கும் குழியில்லை. மனக்கணக்காகப் போட்டேன், நாற்பது வருடம் தாராளம். எனக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. உடனே அத்தானுக்குப் போன் போட்டு, "அத்தான், நாப்பது வருஷம்! ஒங்க புள்ள ரிட்டயர் ஆகுறவரைக்கும் ஒண்ணும் ஆவாது" என்றேன்.

"அப்போ போனஸ்ல உனக்கு ஒரு சேலை," என்றார். கொட்டகை ஆட்களும் காவல்கார ஜாகாவும் காவடிக்கு லீவு போட்டுவிட்டதால் அன்றைக்கு இவர்தான் காவல். அக்கா பின்னாலிருந்து, "தேர் வந்துட்டா போனை ஜன்னல் பக்கம் புடிக்கச் சொல்லுங்க, மேளமாவது கேட்போம்" என்று சொன்னது எனக்கே கேட்டது.

போனை வைத்துவிட்டு மாப்பிள்ளையை எடுக்கப் போனேன்.

டெசிக்கேட்டர் மூடியை நேராகத் தூக்க முடியாது, விளிம்பில் கிரீஸ் தடவியிருக்கும், பக்கவாட்டில் தள்ளித்தான் திறக்கவேண்டும். கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தது, ஆறு மாதமாக யாரும் தொடவில்லை என்பதற்கு அதைவிட சாட்சி வேண்டாம். மணிகள் எல்லாம் நல்ல நீலம். இடுக்கியால் துண்டைத் தூக்கினேன். அதன் முனையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

துண்டு முழுக்க நனைந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன், ஓட்டைகள். மூன்று வரிசையாக, நாலாவது கொஞ்சம் தள்ளி, கீழே. ஓட்டைகள் வழியாகத் தெருவும் வெயிலும் தெரிந்தன. டிஷ்யூவில் ஒற்றி எடை போட்டேன். பன்னிரண்டு கிராம் இருந்தது எட்டாகிவிட்டது. இன்னும் இரண்டு முறை போட்டேன். மறுபடியும் எட்டு.

நாலு கிராம் இரும்பு எங்கே போயிற்று? துருவாக உதிர்ந்திருந்தால் தட்டில் தூள் கிடக்கவேண்டும். பீங்கான் தட்டு பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அப்போது எனக்கு வந்தது பயம் என்றுகூடச் சொல்லமாட்டேன், கோபம். கணக்கில் இப்படி ஓட்டை விழுந்தால் வருமே, அந்தக் கோபம்.

"அண்ணே, யாரு இத தொறந்தா?"

"நான் தொடல லா. சாவியே ஒன்கிட்டதான இருக்கு." வந்து பார்த்தவர் முகம் மாறியது. "யா அல்லா. மாப்ளைக்கு என்னா ஆச்சு?"

"தண்ணியில கிடந்ததுகூட இப்படி ஆவல அண்ணே. தண்ணியே படாதது எப்படி?"

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "கோவிச்சுக்காத தங்கச்சி. அன்னிக்கு வெட்டும்போது தகடு ஒரு துண்டுக்கு பத்தல. ஒங்க அத்தான் தகடு கொண்டாந்தப்ப அது கூட ஒரு பழைய மூடி கிடந்துச்சு. சும்மா ஒக்காரப்போறவன்தானன்னு மாப்ளைய மட்டும் அதுலேருந்து வெட்டிட்டேன்" என்றார்.

உங்களுக்கு இது ஒன்றுமில்லாத விஷயமாகப் படலாம். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் இல்லை. கழிப்பதற்கு வைத்த துண்டு வேறு தகட்டுடையது என்றால் அந்தக் கணக்கே செல்லாது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது! தப்பான தகடு, ஆகவே செல்லாத துண்டு, தூக்கிப்போட்டுவிடலாம். அந்த மூடியில் ஏதோ உப்பு ஒட்டியிருந்திருக்கும், முடிந்தது கதை. ட்ரம் தகட்டின் மிச்சத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு துணுக்கு இருந்தது, அதை அமிலத்தில் முக்கி, அந்த இழப்பை மாப்பிள்ளையின் இடத்தில் எழுதினேன். பேனாவால், அழகாக, ஒரு அடித்தல் இல்லாமல். நாற்பது வருடம் நாற்பது வருடமாகவே நின்றது.

கெட்டுப்போன துண்டை அசிட்டோனில் கழுவி, ஊதி உலர்த்தி, திரும்ப டெசிக்கேட்டரிலேயே போட்டு மூடினேன். டாக்டர் ஓங்கிடம் காட்டலாம் என்றுதான். வெளியே நாதஸ்வரம் கேட்க ஆரம்பித்தது. தேங்காய்கள் உடையும் சத்தம் தூரத்திலிருந்து நெருங்கி வந்தது, கல்மாரி போல. ஹமீது அண்ணன் ஜன்னலுக்குப் போனார். நானும் போகத்தான் எழுந்தேன். போகும்போது கண்ணாடிக்குள் ஒரு பார்வை.

நம்பினால் நம்புங்கள். உலர்ந்த இரும்பின் மேல், அந்த மூன்று ஓட்டைகளில் நடு ஓட்டையில், ஒரு துளி எழுந்துகொண்டிருந்தது. மேலிருந்து விழவில்லை, காற்றிலிருந்து படியவில்லை. துண்டுக்கு அடியில் காய்ந்த பீங்கான், அதற்கடியில் நீல மணிகள். தண்ணீர் ஓட்டைக்குள்ளிருந்து, அந்தப் பக்கம் ஏதோ நிறைந்து அழுத்துவதுபோல, மெதுவாகப் பொங்கி, உருண்டு, வழிந்தது. அப்புறம் அடுத்த ஓட்டை. அப்புறம் அடுத்தது. கடைசியாகத் தள்ளியிருந்த நாலாவது. தட்டில் ஓடி மணிகளின் மேல் சொட்டியது. ஒரு மணிகூட நிறம் மாறவில்லை. தண்ணீர் அதன் மேல் நின்றது, மணி நீலமாகவே இருந்தது. ஆறு மாதமாக ஒரு கேள்வியும் கேட்காமல் நான் நம்பியது அந்த நீலத்தைத்தான்.

"அண்ணே," என்றேன். அவர் திரும்பிப் பார்த்து, கிட்டே வந்து, என் பக்கத்தில் நின்றார். அவரும் பார்த்தார். இதைச் சொல்லும்போது என் ஒரே ஆறுதல் அதுதான்.

அப்போதுதான் எனக்குத் தோன்றிற்று, அந்த மூடி எந்த ட்ரம்முடையது?

அத்தானுக்குப் போன் சுழற்றினேன், விரல் இரண்டு முறை தப்பான துளைக்குள் போயிற்று.

"தேர் வந்துருச்சா?" என்றார்.

"அத்தான், தகட்டோட ஒரு பழைய மூடி குடுத்தீங்களே, அது எதோட மூடி?"

"மூடியா? ஓ, அதுவா. முப்பத்தொண்ணு. சேறு ரொப்பறதுக்கு முன்னாடியே மூடி வளைஞ்சு போச்சு, வேற போட்டோம். ஏன்?"

"முப்பத்தொண்ணு எங்க இருக்கு?"

"பின் சுவரு ஓரமா. கெணத்துப் பக்கம்."

"போயி ஒருதரம் பாருங்க அத்தான். இப்பவே."

"என்னா வெளையாடுறியா? லீவு நாள்ல மேனேஜர் இல்லாம கொட்டாய தொறந்தா என் கழுத்துக்கு கத்தி. அரமணி நேரத்துக்கு முன்னாடி நாப்பது வருஷம்னு நீதான சொன்ன?"

"ஆமா, ஆனா..."

"ஒன் மெஷின் என்னா சொல்லுது?"

மெஷின் நாற்பது வருடம் என்றுதான் சொன்னது. நோட்டுப் புத்தகமும் அதைத்தான் சொன்னது, என் கையெழுத்தில். நான் பார்த்ததை அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், படிச்சு படிச்சு பிள்ளைக்கு மூளை குழம்பிவிட்டது என்பார். கண்ணாடிக்குள் நாலாவது ஓட்டையிலிருந்து இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அக்கா அங்கே துவைத்துக்கொண்டிருப்பாள், கிணற்றடியில், ஏழு மாத வயிற்றோடு.

அப்போது நான் ஒன்று செய்தேன். வாழ்நாளெல்லாம் எதைக் கிண்டலடித்தேனோ அதையே கையில் எடுத்தேன். "அம்மாவுக்கு விடியக்காலையில ஒரு கனா அத்தான்," என்றேன். "கொட்டாய்ல ஒரு ட்ரம்முல தண்ணி ஒழுகுதாம். நாலு ஓட்டையாம். அக்கா அந்தத் தண்ணிய மொண்டு குடிக்கிறாளாம். அம்மா அழுதுகிட்டே இருக்கு. தயவுசெஞ்சு போயி பாருங்க, அதுக்காகவாவது."

என் பேச்சுக்கு அசையாத மனிதர் மாமியாரின் கனவுக்கு அசைந்தார். "இரு, டார்ச் எடுத்துக்கிட்டுப் போறேன்" என்று வைத்துவிட்டார்.

தேர் எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றபோது போன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தௌக்கே முதல் தேங்காயை ஓங்கினார், அப்புறம் நூறு கைகள். சாலை முழுக்க இளநீர் ஆறு. வெள்ளித் தேர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ஹமீது அண்ணன் தேரைப் பார்க்கவில்லை, டெசிக்கேட்டரையே பார்த்துக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். நான், எதையும் நம்பாதவள், ஜன்னல் வழியாகத் தெரிந்த முருகனைப் பார்த்து, போன் அடிக்காமலே இருக்கட்டும் என்று வேண்டினேன்.

அடித்தது.

"மாலு." அத்தானின் குரல் அவர் குரலாகவே இல்லை. "ஒங்கம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"என்னா அத்தான்?"

"முன்னாடிலேருந்து பாத்தா பெயிண்ட்டுகூட போவல. பின்னாடி கைய விட்டு தடவிப் பாத்தேன், தரையோரமா. நாலு. மூணு வரிசையா இருக்கு, ஒண்ணு கொஞ்சம் தள்ளி, கீழ. விரலு நனையுது. தண்ணி செவுத்துக்கு அடியில கெணத்துப் பக்கம் போயிருக்கு."

எப்படி ஓட்டை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. நாலு என்றுதான் சொன்னேன். வரிசையைச் சொல்லவில்லை. இதை நான் எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் தெரியுமா? சொல்லவில்லை.

"கைய கழுவுங்க," என்று கத்தினேன். "குழாத்தண்ணியில, சோப்பு போட்டு. அக்காவ கூட்டிக்கிட்டு இப்பவே பெரி ஏறி இக்கரைக்கு வாங்க, துணிகூட எடுக்காதீங்க."

அன்று மாலை, தேர்க் கூட்டத்தில் நசுங்கி, அக்கா ஒரு நைலான் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "ஒங்க கனாதான்மா என்னைக் காப்பாத்துச்சு" என்று அழுதாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அம்மா அக்காவின் தலையைத் தடவிக் கொடுத்தாள். இன்றுவரை அது என்ன கனவு என்று அவள் என்னைக் கேட்டதில்லை.

டாக்டர் ஓங் வந்ததும் நான் எழுதிய வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் உண்மையான எடையை எழுதிக் காட்டினேன். ஹமீது அண்ணனும் தன் தப்பை ஒப்புக்கொண்டார். துளி எழுந்ததை மட்டும் சொல்லவில்லை, யாரால் சொல்லமுடியும்? டாக்டர் ஓங் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒழுகிய ட்ரம் தொழிற்சாலையின் பொறுப்பு, துண்டோ வேறு தகட்டிலிருந்து வெட்டியது, வரலாறு தெரியாதது, இதை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது, நீக்கிவிடு என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தேர் நாளன்று நானும் அதைத்தானே செய்தேன். அறிக்கை நாற்பது வருடம் என்றே போனது. ஒரு துண்டு நீக்கப்பட்டது என்று அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி.

அத்தான், கூட்டும்போது ஈரம் பார்த்தேன் என்று மேனேஜரிடம் சொன்னார். முப்பத்தொன்றை வேறு ட்ரம்முக்குள் இறக்கி அடைத்தார்கள், கிணற்றைச் சிலாப் போட்டு மூடினார்கள். லீவு நாளில் கொட்டகையைத் திறந்ததற்கு அத்தானுக்கு எச்சரிக்கைக் கடிதம். சில மாதத்தில் எல்லா ட்ரம்களையும் லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று அத்தான் கேட்டதற்கு, பாதுகாப்பான இடம் என்றார்களாம். கூடவே எங்கள் சான்றிதழும் போயிருக்கும். அத்தான் இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஸ்டோரில் இருக்கிறார், வீடு பாயான் பாருவில். பிறந்தது பெண், நாலு வயதாகிறது, என்னைச் சித்தி என்று கூப்பிட்டுக்கொண்டே ஓயாமல் ஓடுகிறாள். அவளுக்குச் சாதாரணச் சளி பிடித்தாலும் நான் இரண்டு நாள் தூங்குவதில்லை.

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். டவுனில் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறேன். மாப்பிள்ளை என்னிடம்தான் இருக்கிறது. ஹமீது அண்ணன் கடைசி நாளன்று ஒரு சின்ன டெசிக்கேட்டரில் வைத்துக் கொடுத்தார். "தூக்கிப் போட மனசு வரல தங்கச்சி, வச்சிருக்கவும் மனசு வரல. நீ படிச்சவ, நீயே வச்சுக்க."

வருடம் தவறாமல் தேர் நாளன்று பள்ளித் தராசில் எடை போடுகிறேன். முதல் வருடம் எட்டு கிராம். அடுத்த வருடமும் எட்டு. மூன்றாவது வருடமும். மணிகள் நீலம், துண்டு உலர்ந்து கிடந்தது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேருமே எதையோ தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று நம்ப ஆரம்பித்திருந்தேன், அதை நம்ப எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

இந்த வருடம் ஏழரை. மணிகள் நீலமாகத்தான் இருக்கின்றன. துண்டை எடுத்தபோது விரல் நனைந்தது. நாலாவது ஓட்டைக்குப் பக்கத்தில், ஊசி முனையளவு, ஐந்தாவது.

அத்தானிடம் ஓடினேன். முப்பத்தொன்று எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. பழைய மேனேஜர் வேறு நாட்டுக்குப் போய்விட்டாராம். அன்றைக்கு எனக்குச் சுழற்ற ஒரு எண் இருந்தது, மறுமுனையில் எடுக்க ஒரு ஆள் இருந்தார், சொல்ல ஒரு பொய்யாவது இருந்தது. இப்போது எங்கோ ஒரு சுவரோரத்தில் அந்த ட்ரம் நிற்கிறது, முன்னாலிருந்து பார்த்தால் பெயிண்ட்கூடப் போயிருக்காது. பக்கத்தில் யார் வீட்டுக் கிணறு என்று தெரியாமல், போனை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.